பேசும் தலை

இன்று சொந்தமாக மேஜிக் ஷோ நடத்துகிறேன். ஆளை மறைப்பேன், அறுப்பேன், அந்தரத்தில் நிறுத்துவேன். பேசும் தலை மட்டும் செய்வதில்லை. காரணம் பயம்தான், வேறென்ன.

அறுபத்தெட்டாம் வருஷ ஆடியில் பாக்கியராஜ் என்ற மேஜிக்காரரிடம் உதவிக்காரியாக இருந்தேன். வித்தையெல்லாம் எனக்கும் அத்துப்படி. ஆனால் கோட்டுப் போட்டு நிற்பது அவர், மேஜைக்குள் முடங்கிக் கிடப்பது நான். மேஜையில் ஓட்டை, அதில் என் தலை, கழுத்தைச் சுற்றி ரத்தம்போலக் குங்குமத் தண்ணீர். மேஜைக் கால்களுக்கு நடுவே கண்ணாடி வைத்திருப்பதால், பார்ப்பவருக்கு அடியில் வெறுமையாகத் தெரியும். கிட்டே வந்தால் குட்டு உடைந்துவிடும்.

புதுவாயலில் எல்லையம்மன் திருவிழாவுக்குக் கூடாரம் அடித்தோம். அந்தப் பக்கத்துக் கோயில் பலவற்றில் அம்மனுக்கு உடம்பு கிடையாது, தலை மட்டும்தான் சாமி. பாக்கியராஜ் என்ற மகானுபாவர் இதை யோசிக்கவே இல்லை. திரை விலகியதும், சீட்டி அடிக்க வேண்டிய ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

குப்பம்மாள் என்ற மீனவப் பெண் தடுப்புக் கயிற்றைத் தாண்டி, கற்பூரத் தட்டோடு மேடை ஏறினாள். பாக்கியராஜ் திரைக்குப் பின்னால் நழுவிவிட்டார்.

"அங்கேயே நில்லுடி!" என்று கத்தினேன்.

நின்றாள். கூடாரமே மண்டி போட்டது.

"தாயே, எம் புருசன் மீன் புடிக்க ஏரிக்குப் போயி மூணு நாளாச்சி. வந்துருவாரா?"

அவள் இறங்கிப் போனால் போதும் எனக்கு. "வருவான், போ" என்றேன்.

"இன்னாமே, ஒரே அதட்டுல மடக்கிட்ட! நாளைக்கி போர்டுல செண்பகம்னு ஒம் பேருதான் பெர்சா!" என்று ஷோ முடிந்ததும் பாக்கியராஜ் குதித்தார். எத்தனை வருஷத்து ஆசை! வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் சாயங்காலம் என் பேர் எழுதிய அந்தப் பலகையைத் தாண்டி முதல் ஆளாக வந்தவள் குப்பம்மாள். பின்னாலேயே அவள் கொழுந்தன் மாரியப்பன். திரை விலகியதுமே மேடை ஏறிவிட்டாள்.

"காட்டுப்பள்ளி கரையில ஒரு பொணம் ஒதுங்கிச்சி தாயே. மூஞ்சி தெரில. அவருதான்னு தாலிய அறுக்க வராங்கோ. நீதான் வருவார்னு சொல்ட்டியே. நான் பொணத்தாண்ட போவவே இல்ல."

"அண்ணி, இடுப்புல கீற வெள்ளி அர்ணாகவுறு அண்ணனுதுதான். பொணத்த எடுக்காம போட்டு வச்சிகினு கீறோம்" என்று மாரியப்பன் அழுதான்.

"வேற ஆளுன்னு சொல்லு. இல்லாங்காட்டி தோல உரிச்சிருவானுங்கோ" என்று திரைக்குப் பின்னாலிருந்து பாக்கியராஜ் முணுமுணுத்தார்.

அப்படிச் சொன்னால் இவள் ஆயுசுக்கும் கரையில் நிற்பாள். "செத்தவன் உன் புருஷன்தான், போய் அழு" என்று அம்மன் குரலிலேயே சொன்னேன். குப்பம்மாள் சிரித்தாள்.

"அம்மா சோதிக்குது" என்று கற்பூரத்தை ஏற்றினாள்.

இனி இந்தத் தலை என்ன சொன்னாலும் நம்பமாட்டாள். கூட்டத்தில் தடிகள் தெரிந்தன. இருந்தும் மேஜைப் பலகையை நெம்பித் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். கண்ணாடி சரிந்து நொறுங்கியது. கூட்டம் ஹோவென்று எழுந்தது, ஒரு கல் என் தோளில் விழுந்தது.

குப்பம்மாள் என் கையைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். கழுத்துக் குங்குமத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் புருஷனுக்காக அழ ஆரம்பித்தாள்.