கொம்மாட்டைச் சொல்லு

உரும்பிராயில் பெரியம்மா கமலாவதியின் வீட்டில் தங்கி ஒரு செமஸ்டர் படிக்க வந்த ஜெயனிக்கு முதல் கிழமையே ஒரு வேலை கிடைத்துவிட்டது. நோர்வேயில் இருக்கும் அம்மாவுக்கும் இங்கே இருக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் நின்று கதை காவுவது. அக்காவுக்கும் தங்கச்சிக்கும் பதினேழு வருடமாகப் பேச்சில்லை. ஆனால் சொல்ல வேண்டியது மட்டும் இரண்டு பக்கமும் குவிந்து கிடந்தது.

அம்மா வீடியோவில் வந்தால் பெரியம்மா படத்துக்குள் விழாமல் குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்பார்.

"பிள்ளை, புட்டுக்குத் தேங்காய்ப்பூ காணாது எண்டு கொம்மா சொல்லுவாள். தேங்காய் விக்கிற விலைக்கு அள்ளிக் கொட்டேலாது எண்டு கொம்மாட்டைச் சொல்லு."

அம்மாவுக்கு அது வடிவாகக் கேட்கும். கேட்காத மாதிரி மகளின் முகத்தையே பார்ப்பார். ஜெயனி ஒருதரம் திருப்பிச் சொன்ன பிறகுதான் பதில் வரும்.

"அவ எப்பவும் கசவாரம்தான். கையாலை ஒண்டு விழாது. போய்ச் சொல்லு உன்ரை பெரியம்மாட்டை."

"பரவாயில்லையாம் பெரியம்மா" என்பாள் ஜெயனி. குசினிக்குள் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்கும்.

பேச்சு நின்றது அம்மப்பாவின் சாவோடு. அவர் மூன்று மாதம் பாயில் கிடந்தார். நாட்டில் போர் நடந்த நேரம், வர வழியில்லாத தங்கச்சியை ஏன் அழவைக்க வேண்டும் என்று பெரியம்மா அதைச் சொல்லவில்லை. சாவு விழுந்த பிறகே நோர்வேக்குப் போன் போனது. "கடைசியா ஐயாவின்ரை குரலையாவது கேட்டிருப்பனே" என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவார்.

செமஸ்டர் முடிந்துவிட்டது; நோர்வேக்குத் திரும்ப இனிப் புதன்கிழமை ஜெயனி கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டும். அவளுக்கு இருந்தது ஒரே பயம். தான் போய்விட்டால் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் யாரும் இல்லை. ஒருநாள் போனைப் பெரியம்மாவின் கையில் திணித்துப் பார்த்தாள். சுடுசட்டியைத் தொட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

"நான் போனாப்பிறகு என்ன செய்யப்போறியள் பெரியம்மா?"

"வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிறதுதான். காதுக்கும் சுகம்."

திங்கட்கிழமை பல்கலைக்கழகத்தில் அவளுடைய கடைசி வேலை. ஊர்க் கிணறுகளின் தண்ணீரைப் பற்றிச் செய்த ஆய்வை எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். கரண்ட் போய் மைக் செத்துவிட்டது. கூரையில் மழை கொட்ட, கடைசி வாங்கு வரைக்கும் கேட்கட்டும் என்று கத்திக் கத்திப் பேசினாள். பிறகு சைக்கிளில் தெப்பமாக நனைந்து வீடு வந்தாள். விடிய எழும்பினால் காய்ச்சல். தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.

போன் அடித்தது. அம்மா. ஜெயனி எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தது.

"ஏன்டி எடுக்கிறாய் இல்லை?" பெரியம்மா கொத்தமல்லித் தண்ணீரோடு வந்தார்.

"சொல்லாதேங்கோ... அம்மா பயப்பிடுவா... ஒண்டும் இல்லை எண்டு மெசேச் போடுறன்." இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது.

பெரியம்மா கோப்பையை வைத்தார். போன் மேசையில் அதிர்ந்துகொண்டிருந்தது. அதில் தெரிந்த தங்கச்சியின் படத்தையே பார்த்தபடி நின்றார். ஜெயனி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"போடி. ஒருக்கா மறைச்சுப் பட்டது போதும்."

சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். முகத்தோடு ஒட்டிப் பிடித்தார்.

"லீலா, நான்தான். பிள்ளைக்குக் காய்ச்சல். மழையிலை நனைஞ்சவள், குரலும் அடைச்சுப் போச்சு. சொல்லவேண்டாம் எண்டவள். நான் சொல்லிப்போட்டன்."

அந்தப் பக்கம் கதிரை இழுபட்டது.

"எவ்வளவு காய்ச்சல்?"

"நூற்றொண்டு. பனடோல் குடுத்திட்டன். கொத்தமல்லி அவிச்சிருக்கு."

"வேர்க்கொம்பும் இடிச்சுப் போட்டனியோ?"

"போடாமல்?"

"அவளுக்கு வயிறு எரியும், அக்கா."

பெரியம்மா போனை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு வழமையான குரலில் தொடங்கினார். "உனக்குந்தான் சின்னனிலை எரிஞ்சது. குடிச்சனான் எண்டு சொல்லிப்போட்டுக் கிணத்தடியிலை ஊத்திறனி. அந்தச் செவ்வரத்தை அதைக் குடிச்சுத்தான் வளந்தது."

"நீ போய் ஐயாட்டை மூட்டிவிட்டனியெல்லோ!"

ஐயா என்றதும் செத்துப்போன அம்மப்பா நடுவில் வந்து நின்றார்.

"அண்டைக்கும் இப்பிடி ஒரு போன் எடுத்திருக்கலாம் நீ" என்றார் அம்மா மெதுவாக.

"ஓம். எடுத்திருக்கலாம்." பெரியம்மா கட்டில் விளிம்பில் இருந்துவிட்டார். "பிழைதான் லீலா. உன்னை அழவிடக்கூடாது எண்டுதான் நினைச்சனான். அதைவிடக் கூட அழவிட்டிட்டன்."

அங்கே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"போனைத் தள்ளிப் பிடி அக்கா. உன்ரை மூக்கு மட்டுந்தான் தெரியுது."

"தள்ளிப் பிடிச்சால் நரை தெரியும்."

"தெரியட்டும்."

பெரியம்மா கையை நீட்டிப் பிடித்தார். அப்போது போன் கீச்சிட்டது; சார்ஜ் முடியப்போகிறது. ஜெயனி போர்வையோடு எழும்பி வயரைச் செருகினாள். சுவரில் பிளக் ஆடியது, விட்டால் கழன்றுவிடும். அதை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு நிலத்தில் குந்தினாள்.

"இவள் ஏன் காய்ச்சலோடை நிலத்திலை இருக்கிறாள்?" என்றார் பெரியம்மா.

"என்னது, நிலத்திலையோ? சீமெந்து குளிரெல்லே! எழும்படி!"

ஜெயனி அசையவில்லை. அக்காவும் தங்கச்சியும் சேர்ந்து அவளை ஏசத் தொடங்கினார்கள்.