ஒரே பந்தில் பதினெட்டுக் குழி

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பார்கள். எனக்கு வாய்த்தவரைப் பிடித்தது கோல்ஃப் பேய். முப்பது வருடமாக விடுமுறை என்றால் எனக்கு ஒரே உத்தியோகம்தான், அவர் அடிக்கிற பந்து எங்கே விழுகிறது என்று பார்த்துச் சொல்வது. அந்த மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. கண் மட்டும் கூர்மை.

அவர் வயிற்று ஆபரேஷன் செய்கிற டாக்டர். போன மாதம், அவரிடமே படித்த கண் டாக்டர் ஒருவர் அவரை உட்கார வைத்து விளக்கெல்லாம் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் பார்வையின் நடுப்பகுதி அழிந்துகொண்டே வருகிறது, இதற்கு வைத்தியம் இல்லை, இனிமேல் கத்தியைத் தொடாதீர்கள் சார் என்று சொல்லிவிட்டார். நேற்று முளைத்த பயல் எனக்குச் சொல்வதா என்று இவர் அன்றெல்லாம் குதித்தார். ஊரில் உள்ள நோயாளிக்கெல்லாம் டாக்டர் பேச்சைக் கேள் என்று உபதேசம் செய்கிற மனிதர்தான்.

கடைசியில் தனக்குத் தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டார். கடல் நடுவில் இருக்கிற ஒரு தீவின் கோல்ஃப் மைதானம், ஆடுகிறவர்களையெல்லாம் அழவைக்கும் என்று பெயர் எடுத்தது. அங்கே பதினெட்டுக் குழியையும் ஒரே பந்தில் முடித்துவிட்டால் வேலையைத் தொடர்வார். பந்து தொலைந்தால் மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுவார். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த ஒரு மாதமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் தீவு என்றதும் எழுந்து சவரம் செய்துகொண்டாரே, நான் என்ன சொல்ல முடியும்?

பந்துகளுக்கு எப்போதும் அவரேதான் கறுப்பு மையால் எண் எழுதுவார். வயிற்றுக்குள் எதுவும் தங்கிவிடக் கூடாதென்று ஆபரேஷன் மேஜையில் பஞ்சை எண்ணி எண்ணி வந்த பழக்கம். இந்த முறை என்னை எழுதச் சொன்னார். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கட்டை விரல் நகம் அளவுக்குப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

ஒன்றாம் எண் பந்து பதினைந்து குழிகளைத் தாண்டிவிட்டது. கண் கைவிட்டாலும் கைக்குப் பழக்கம் இருந்தது. நான் திசை சொன்னேன், அவர் அடித்தார். கீழே கடல் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது. பாறை விளிம்பு வரைக்கும் புல், அதன் ஓரமெல்லாம் சிவப்புப் பூ. எனக்கு எதுவும் மனதில் ஒட்டவில்லை. ஒவ்வொரு அடிக்கும் பந்தை மட்டுமே கண்ணால் துரத்தினேன்.

பதினாறாவது குழிக்குப் பந்து கடலுக்கு மேலேயே பறந்து எதிர்ப் பாறையில் இறங்க வேண்டும். அவர் அழகாகத்தான் அடித்தார். காற்று அதைத் தள்ளிவிட்டது. நட்ட நடுக் கடலில் விழுந்ததை நான் பார்த்தேன்.

"எங்க?" என்று கேட்டார்.

முகத்தில் அத்தனை ஆசை. நாக்கில் சனி உட்கார்ந்துகொண்டது.

"கிரீனுக்கு இடது ஓரமா" என்றேன். குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையைத்தான் கிரீன் என்பார்கள்.

எதிர்ப் பாறைக்குப் போகிற பாலத்தின் மேல் அவர் நடந்து வந்தார். நான் மட்டைகளை ஏற்றிய சின்ன வண்டியை ஓட்டிக்கொண்டு முன்னாலேயே போய்ச் சேர்ந்தேன். பந்துப் பையில் கையை விட்டேன். அவசரத்தில் வந்தது எட்டாம் எண். அதைப் புல்லில் போட்ட பிறகுதான் எண்ணைப் பார்த்தேன். மாற்ற நேரமில்லை, அவர் வந்துவிட்டார்.

கிரீனுக்கு வந்ததும் அவர் எப்போதும் பந்தைக் கையில் எடுப்பார். துணியால் துடைத்து, எண் குழியைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைப்பார். அன்றைக்கும் எடுத்தார், துடைத்தார். முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். மாட்டிக்கொண்டேன், இப்போது கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன்.

எட்டு தரையைப் பார்க்கிற மாதிரி வைத்தார்.

திட்டு வாங்கியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா இவர் இத்தனை நாள் ஊரார் வயிற்றைத் திறந்தார்?

இரண்டு தட்டில் பந்து குழிக்குள் போனது. குனிந்து எடுத்துக்கொண்டு, இனி இருக்கிற இரண்டும் சின்னப் பிள்ளை ஆட்டம் என்று சிரித்தார். அங்கேயே நின்றபடி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ஆபரேஷன் அறை நர்ஸிடம் பேசினார்.

"திங்கட்கிழமை மூணு கேஸையும் வச்சுடும்மா. முதல்ல அந்த ஆறு வயசுப் பொண்ணு."

இந்த ஒரு மாதத்தில் அவர் குரல் இப்படி ஒலித்ததே இல்லை. அந்தப் பெண்ணுக்கும் ஒரு தாய் இருப்பாள். அவர் போனை வைத்ததும் கேட்டேன்.

"பந்துல என்ன நம்பர் இருக்குங்க?"

"ஒண்ணு. வேற என்ன?"

"எட்டுங்க. நான் போட்டது. உங்களது கடல்ல விழுந்துடுச்சு."

அவர் பந்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் தேடினார். பிறகு விரலால் தடவினார், மையைத் தடவித் தெரிந்துகொள்ள முடியும் என்பது போல. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

முதல் பதினைந்து குழியும் இப்படித்தானா என்று கேட்டார். இல்லை, இது ஒன்றுதான், பிள்ளைகள் மேல் சத்தியம் என்றேன். தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை. மறுபடி போன் செய்து, திங்கட்கிழமை மட்டுமல்ல, இனி எந்தக் கேஸும் தன் பெயரில் வேண்டாம் என்று நர்ஸிடம் சொன்னார். குரல் உடையவில்லை. பந்தைப் புல்லில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இனிமே காலம் பூரா உன் கண்ணாலதான் நான் பார்க்கணும். அதுவும் பொய் சொன்னா நான் யார்கிட்ட போவேன்?"

புல்லில் கிடந்த பந்தை எடுத்துப் பையில் போட்டேன்.

வண்டிக்கு இறங்குகிற இடத்தில் கையை நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை. "மூணு படிங்க" என்றேன். அவர் நின்று, மட்டையை நீட்டி, ஒவ்வொரு படியாகத் தட்டி மூன்றையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் காலை எடுத்து வைத்தார்.