இடைவேளை விமர்சனம்

ஊரூர் குப்பத்து ஜான்சிக்கு மீன் விற்பது பிழைப்பு. பேர் வாங்கித் தந்ததென்னவோ சினிமா விமர்சனம். ஓர் உளவாளிப் படத்தின் ஆறு பாகங்களையும் முதல் காட்சி பார்த்துவிட்டு, தியேட்டர் வாசலில் மைக்கைப் பிடித்து அவள் வாரியதைச் சென்னையே ரசித்தது. "பத்து மாடிலேர்ந்து குதிக்கிறான், சட்டை கசங்கல. அந்த இஸ்திரிக்காரன் அட்ரஸ் குடு நைனா!" என்று நான்காம் பாகத்துக்கு அவள் சொன்னதில் யூடியூப் சேனல்காரன் மகேஷ் பெரிய ஆளாகிவிட்டான். ஜான்சிக்குக் கிடைத்தது குப்பத்தில் மதிப்பு. அவள் நன்றாக இருக்கிறது என்றால்தான் அங்கே யாரும் படத்துக்குப் போவார்கள்.

ஏழாம் பாகத்துக்குக் குப்பத்திலேயே நான்கு நாள் ஷூட்டிங் நடந்தது. அண்ணன் பிரசாத் தன் படகைக் கொடுத்தான். ஹீரோ அதில்தான் வருவார் என்று சொன்னதும், அம்மா புஷ்பம் படகுக்கு மாலை போட்டு அனுப்பினாள்.

மகேஷுக்கு ஒரு வழக்கம். மற்ற சேனல்கள் முந்திவிடக் கூடாதென்று இடைவேளையிலேயே நாலு வார்த்தை பேசவைத்து உடனே ஏற்றிவிடுவான். ஆறு படத்துக்கும், "பாதி சோத்துல ருசி சொல்ல மாட்டேன்" என்று ஜான்சி நழுவியிருந்தாள். ஏழாம் பாகம் வெளியான அன்று முடியவில்லை. இடைவேளைக்குச் சற்று முன் திரை முழுக்க அவர்கள் கடற்கரை, அவர்கள் சந்து, பிரசாத்தின் படகில் ஹீரோ. பாப்கார்ன் கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்து மகேஷின் மைக்கைப் பிடித்தாள்.

"எங்க போட்டு மச்சி! எங்க குப்பம்! இன்னாமா எடுத்துகீறான்! அல்லாரும் வந்து பாருங்க!"

இரண்டாம் பாதியில் அதே படகில் வெடிமருந்து வந்தது. குப்பத்துக்காரர்கள் காசுக்காக அதை இறக்கினார்கள். ஷூட்டிங்கில் ஐஸ் பெட்டி என்று சொல்லித் தூக்கவைத்த பெட்டியோடு பிரசாத்தே திரையில் போனான். ஹீரோ குப்பத்து ஆட்களை ஒவ்வொருவராகச் சுட்டுத் தள்ள, பின்வரிசையில் விசில் பறந்தது.

வெளியே வந்ததும் மைக்கைப் பிடுங்கி வாய்க்கு வந்தபடி திட்டினாள். மகேஷ் கேமராவை அணைத்துவிட்டான்.

"யக்கா, புரொடியூசர் ஆளு பக்கத்துலயே கீறாரு. இடைவேளை வீடியோ பிச்சிக்கினு போவுது. இத்த வுட்டுடு."

"அத்த மொதல்ல தூக்குடா!"

"எதுக்குத் தூக்கணும்? நீ சொன்னதுதான கீது அதுல?"

அண்ணனுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து ஓடினால் வீடு பூட்டிக் கிடந்தது. வீடியோவைப் பார்த்துவிட்டு சந்தே இரண்டு வேன் பிடித்து மதியக் காட்சிக்குப் போய்விட்டது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

சாயங்காலம் வேன்கள் திரும்பின. ஒருவரும் அவளைத் திட்டவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பிரசாத் அவளைப் பார்க்காமலே கரைப்பக்கம் போனான். அம்மா மட்டும் எதிரே வந்து நின்றாள்.

"நீ பாத்துட்டுத்தான சொன்னே?"



"பாதிதாம்மா பாத்தேன்."

"மீதியப் பாக்கத்தான் எங்கள அனுப்சியா?" என்று கேட்டுவிட்டுப் புஷ்பம் உள்ளே போனாள்.