நாளைக்குக் கிளம்பிடுவோம்

கையில் தாள் செருகிய அட்டையும் பேனாவுமாக ஓர் ஆள் வந்து நின்றால் போதும், மிசெல்லியின் வாய் தானாகச் சொல்லிவிடும்: "நாளைக்குக் கிளம்பிடுவோம் சார்." அவள் அம்மா சொன்னதும் அதுதான், மாமியார் சொன்னதும் அதுதான். இங்கிலாந்து பூராவும் எங்கள் ஜிப்சி ஜனம் சொல்வது அதுதான். நாளைக்கு என்றால் வந்தவர் எழுதிக்கொண்டு போய்விடுவார், ஒரு வாரம் பத்து நாள் தொந்தரவு இருக்காது. போகமாட்டோம் என்றால் மறுநாளே கோர்ட்டுக் காகிதம் வரும். இதில் பொய் எங்கே இருக்கிறது? ஒரு மரியாதைக்குச் சொல்வது, அவ்வளவுதான்.

மார்ச் மாதம் கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்தாள். புது ரப்பர் பூட்ஸ், சேறு படாத முகம். சாலையோரத்தில் ஏழு டிரெய்லர்கள், எங்கள் சக்கர வீடுகள், நின்றன. மிசெல்லி அப்போதுதான் புருஷன் அம்புரோஸை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து படுக்க வைத்திருந்தாள். அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி, வாரத்துக்கு மூன்று நாள் நாலு மணி நேரம் டயாலிசிஸ். போன குளிர்காலத்தில் போலீஸ் விரட்டி விரட்டி அறுபது மைல் தள்ளிப் போய் நின்றபோது இரண்டு முறை தவறிப்போச்சு. கால் வீங்கி, மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினார்கள். அந்த ராத்திரியை அவள் இன்னும் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

பூட்ஸ் பெண் ஏதோ இடத் தேவை, கணக்கெடுப்பு என்று மெல்லிய குரலில் ஆரம்பித்தாள். மிசெல்லி கேட்டது எங்கே? அவள் கண்ணில் பட்டது அந்த அட்டைதான்.

"இங்க நிரந்தரமா தங்குற எண்ணம் உங்களுக்கு இருக்கா?"

"ஐயோ, இல்லம்மா. நாளைக்குக் கிளம்பிடுவோம்."

அடுத்த டிரெய்லரில் அம்புரோஸின் தங்கச்சி ட்ரெனிட்டும் அதையே சொன்னாள். ஏழு வீட்டிலும் அதே பதில். அந்தப் பெண் குளிரில் நடுங்கியதைப் பார்த்து மிசெல்லிக்குப் பாவமாக இருந்தது. விருந்தாளிக்கென்று வைத்திருக்கும் பொன்விளிம்புக் கோப்பையில் டீ கொடுத்துத்தான் அனுப்பினாள்.

அக்டோபரில் விஷயம் காதுக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷத் தூரத்தில், பழைய கழிவுநீர்ப் பண்ணைக்குப் பின்னால், எட்டு டிரெய்லர் நிற்கக் கவுன்சில் இடம் பார்த்திருக்கிறதாம். ட்ரெனிட் வரைபடத்தை வாங்கிவந்து மேஜையில் விரித்தாள்.

"மதினி, இதப் பாரு. சமையல்கட்டுச் சுவரை ஒட்டிக் கக்கூஸ் போட்டிருக்கானுங்க. படிச்சவனுங்களாம்."

கை கழுவும் கிண்ணத்தில் பாத்திரம் பட்டால் கிண்ணத்தையே தூக்கி எறிகிற ஜனம் நாங்கள். மிசெல்லி முகத்தைச் சுளித்தாள். ஆனாலும் வரைபடத்தை மடித்துப் பத்திரமாக வைத்தாள்.

"இருந்துட்டுப் போகட்டும்டி. வெளியில ஒரு கொட்டகை போட்டுச் சமைச்சுக்கறேன். உங்கண்ணனுக்கு மெஷின் பக்கத்துல இருக்கே, அது போதும்."

இடத்தை முடிவு செய்யும் கவுன்சில் கூட்டத்துக்கு நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். போக்குவரத்து நெரிசலாகுமாம். குட்டையில் அபூர்வமான பல்லி மாதிரி ஒரு ஜந்து இருக்கிறதாம், அதற்கு மனசு கஷ்டப்படுமாம். இதெல்லாம் அவள் பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டு. கேட்டுக் கேட்டுக் கோபம்கூட வருவதில்லை, அலுப்புத்தான் வருகிறது.

பிறகு அதிகாரி ஒருவர் தாளைப் புரட்டினார். "மார்ச் மாதக் கணக்கெடுப்பு. விசாரித்த குடும்பங்கள் ஏழு. தங்க விருப்பமில்லை, மறுநாள் கிளம்புகிறோம் என்றவை ஏழு. ஆகவே இடத் தேவை, பூஜ்யம்."

கோப்பையும் பூட்ஸும் குளிரில் சிவந்த மூக்கும் மிசெல்லியின் கண்முன் வந்தன. பாவி, நானே என் வாயால், என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். அம்புரோஸைப் பற்றிப் பேசத்தான் தயார் செய்து வந்திருந்தாள்.

"அதைச் சொன்னது நாந்தாங்க. அப்படித்தான் சொல்லுவோம், எப்பவும். சொல்லலைன்னா விரட்டுவீங்க. போறதா இருந்து சொன்னதில்ல அது. அன்னிக்குச் சொல்லி ஏழு மாசம் ஆச்சு, இன்னும் அங்கதானே நிக்கிறோம்."

கூட்டத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, அப்ப எங்க அலுவலர்கிட்ட உண்மை சொல்லலைங்கறீங்க. இப்ப சொல்றதை மட்டும் நாங்க எப்படி எடுத்துக்கறது?"

பின்வரிசையில் சிரிப்பு. அவளுக்கு இன்னும் ஒரு நிமிஷம் மிச்சம் இருந்தது. அதில் அம்புரோஸின் நோயைச் சொன்னாள், கிழமைகளைச் சொன்னாள். தலைவர் வருத்தம் தெரிவித்தார். அடுத்த கணக்கெடுப்பு ஐந்து வருஷம் கழித்துத்தான் என்றார். ஒன்பதுக்கு இரண்டு என்ற வாக்கில் இடம் போயிற்று.

அவள் டிரெய்லருக்குத் திரும்பியபோது அம்புரோஸ் முழித்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டான்.

"விடு மிசெல்லி. அந்தப் பண்ணை நாத்தத்துல எவன் இருப்பான்."

"என்னாலதான்யா போச்சு."

"நானா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்."

வெள்ளிக்கிழமை காலையில் எங்களைக் காலி செய்யச் சொல்லும் கவுன்சில் ஆள் வந்தார், அட்டையும் பேனாவுமாக. வயசானவர், வேலை ஓய்வுக்கு நாள் எண்ணுகிறவர், நாலைந்து முறை வந்து பழக்கமானவர். ட்ரெனிட் வாயைத் திறப்பதற்குள் மிசெல்லி முந்திக்கொண்டாள்.

"போகல சார். போறதா இல்ல. நாளைக்குச் சனிக்கிழமை, அவருக்கு மெஷின் இருக்கு. செவ்வாய்க்கிழமை இருக்கு, வியாழக்கிழமை இருக்கு. எங்களுக்கு இடம் வேணும். எழுதிக்கோங்க."

முதல் தடவையாக ஓர் அட்டைக்காரரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள்.

அவர் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு டிரெய்லர் ஜன்னலைப் பார்த்தார். உள்ளே அம்புரோஸ் இருமுவது கேட்டது.

"அம்மா, நான் சும்மா ஒரு சின்ன ஆள். இதை எழுதினா 'மறுக்கிறார்கள்'னு எழுதணும். மதியமே காகிதம் போகும், நாளைக்குக் காலையில போலீஸோட வருவாங்க. கணக்கெடுக்கறது வேற ஆபீஸ்மா, என் தாள்ல அதுக்குக் கட்டமே இல்ல." பேனாவைத் திரும்பத் திறந்தார். "நான் இன்னொரு தரம் கேக்குறேன். எப்பக் கிளம்புறீங்க?"

ட்ரெனிட் தரையைப் பார்த்தாள். மிசெல்லி ஜன்னலைப் பார்த்தாள். இந்தத் தாளும் எங்கேயோ போய்ச் சேரும், ஐந்து வருஷம் கழித்து எவரோ எடுத்துப் படிப்பார் என்று இப்போது அவளுக்குத் தெரியும்.

"நாளைக்குக் கிளம்பிடுவோம் சார்," என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். அவள் உள்ளே போய், சனிக்கிழமைக்கான பையில் அம்புரோஸின் கம்பளியை எடுத்து வைத்தாள்.