முதல் நாள் பழம்

தலையில் இருந்த அலுமினியப் பேசினை இறக்கி வாசலில் வைத்துவிட்டு, முக்காட்டுத் துணியால் மரியம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பேசின் நிறையப் பாலைப்பழம். வேப்பம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிது, மஞ்சள் மஞ்சளாக, காம்பில் இன்னும் பால் காயாமல் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அஸீபா எட்டிப் பார்த்து, "சுகமா ராத்தா?" என்று கேட்டாள். "அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் மரியம். எல்லாப் புகழும் இறைவனுக்கே என்று வாய்தான் சொன்னது. கொட்டாவி வந்தால் கை தானாகப் போய் வாயை மூடுவது போல, யாராவது சுகம் கேட்டால் அந்தச் சொல் தானாக வந்துவிடுகிறது. இந்த ஒரு வருடமாக அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! ஒரு தடவையாவது மனதறிந்து சொல்லியிருப்பாளா?

அஸீபா துணியை விட்டுவிட்டு வேலியோடு வந்து நின்றாள். பழத்தைப் பார்த்தாள், பிறகு மரியத்தின் முகத்தைப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்த தேங்காய்ச் சிரட்டைகள் தன் வீட்டில் இருக்கின்றன, கொண்டுவரட்டா என்று கேட்டாள். வேண்டாம் என்றாள் மரியம். இந்த முறை முதல் பழம் கொடுக்கிறதாக இல்லை, தெருவில் வைத்து விற்கப்போகிறேன் என்றாள். அஸீபா குரலைத் தாழ்த்தினாள்.

"எல்லாரும் உங்கட வீட்டைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறாங்கள், ராத்தா."

"பாக்கட்டும். உங்கட நானாவுக்குக் கரடி தந்ததே எங்களுக்குக் காணும்."

நானா என்றது தன் கணவர் முஹைதீனை. அந்த ஊரில் அப்படி யாரும் பேசுவதில்லை. அரிப்பு என்ற கடலோர ஊரைத் தாண்டித் தெற்கே போகிற தெருவில், கடல் மணம் குறைந்து காட்டு மணம் ஏறத் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது ஊர். பாலை பழுத்தால் முதல் நாள் பறிப்பதை விற்கக் கூடாது. காட்டுக்குப் போன எல்லோரும் தங்கள் பங்கை ஒரே பேசினில் கொட்டுவார்கள். ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சிரட்டையில் அள்ளிக் கொடுப்பார். வாங்குகிறவர்கள் சிரட்டையை வெறுமையாகத் திருப்ப மாட்டார்கள். ஒரு பிடி உப்போ, இரண்டு நெத்தலிக் கருவாடோ, ஒரு கிள்ளுச் சீனியோ அதில் இருக்கும். அது காட்டுக்கும் படைத்தவனுக்கும் சொல்கிற நன்றி. அந்தச் சுற்று முடியும்வரை ஊரில் ஒரு குஞ்சும் பழம் விற்காது. யுத்தத்தில் ஊரோடு விரட்டப்பட்டு, புத்தளத்து முகாமில் இருபது வருடம் கிடந்துவிட்டுத் திரும்பி வந்த வருடம், வீடிருந்த இடங்களில் எல்லாம் காடு நின்றது. சனங்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். முஹைதீன்தான் தன் வாப்பா செய்ததை நினைவில் வைத்திருந்து, ஒரு சாக்குப் பழத்தோடு கூடாரம் கூடாரமாகப் போனார். காட்டைத் திட்டாதீர்கள், நாங்கள் இல்லாத நேரம் அதுதான் காணியைப் பார்த்துக்கொண்டது என்று சிரித்துக்கொண்டு பகிடி விட்டார். அன்றிலிருந்து அந்தப் பேசின் அவருடையது.

போன வருடம் பழம் முந்திப் பழுத்தது. பாலை மரத்துக்குக் கீழே போகும்போது தகரத்தைத் தட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பழம் தின்ன மரத்தில் ஏறியிருக்கிற கரடி சத்தத்தைக் கேட்டு விலகிப் போய்விடும். ஆனால் தகரம் தட்டினால் எந்த மரத்தில் பழம் என்பது மற்றவர்களுக்கும் தெரிந்துவிடுமே! முஹைதீனுக்கு ஊர் எழும்ப முதல் தனியாகப் பறித்து, பேசினோடு போய் வாசல்களில் நிற்க வேண்டும், எல்லோரும் வாய் பிளக்க வேண்டும். விற்கிறவன் சத்தம் போடாமல் போனால் பேராசை என்று சொல்லலாம். கொடுக்கிற அவசரத்தில் ஒரு மனிதன் தகரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் அதற்கு என்ன பெயர் சொல்வது? மரத்துக்குக் கீழே சாக்கை விரித்துக்கொண்டிருந்தவர் மேல் கரடி இறங்கியது. கரடி முகத்தைத்தான் தேடும்.

உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடத்தி, தைத்து, திரும்பவும் பிரித்துத் தைத்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். இரண்டு கண்ணும் இல்லை. மூக்கில் பாதி இல்லை. வாயின் வலது பக்கம் மூடாது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: உயிர் தப்பினதே பெரிய காரியம், அதுக்கே அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஷுக்ர் செய்யுங்கோ. சொன்னவர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு கண் இருந்தது. மரியம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள், தலையை ஆட்டினாள். அவர்கள் போன பிறகு குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டிக்கொடுத்த மகள் புத்தளத்தில் இருந்து தொலைபேசியில் கேட்கும்போதும் அதே அல்ஹம்துலில்லாஹ்தான்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முஹைதீன் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடப்பார். மூக்கு வைத்த கோப்பையால் கஞ்சி ஊற்றினால் பாதி உள்ளே போகும், பாதி கழுத்தால் வழியும். இந்தக் கிழமை, நாலைந்து நாளாக, அதுவும் இல்லை. கோப்பையைக் கொண்டுபோனால் கையால் மெல்லத் தள்ளிவிடுவார். கோபம்கூட இல்லாத தள்ளல் அது. இந்த மனிதன் சாக முடிவெடுத்துவிட்டான், சத்தம் சந்தடி இல்லாமல் செத்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் பொறுமையாக இரு, சபூர் செய் என்பார்கள்.

இன்று காலையில் பெண்களோடு அவளும் காட்டுக்குப் போனது இரண்டு வயிற்றுக்காகத்தான். திரும்புகிற நேரம் எல்லோரும் தங்கள் பழத்தை அவளுடைய பேசினில் கொட்டினார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முஹைதீன் வீட்டுப் பேசின், அவ்வளவுதான். அவள் வாயைத் திறக்காமல் தூக்கிக்கொண்டு வந்தாள். வழி முழுக்கக் கறுவிக்கொண்டு வந்தாள். நான் கொட்டச் சொன்னேனா? என் மனிதனைக் குதறின காட்டுக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா?

பேசினை எடுத்து உள்ளே வைத்தாள். விற்கக் கொண்டுபோக முதல் ஒரு மிடறு தண்ணீர் குடிப்போம் என்று குசினிக்குள் நுழைந்தபோது அறையிலிருந்து குரல் வந்தது. நாலைந்து நாளாகக் கேட்காத குரல்.

"பழமா?"

அவள் அறை வாசலில் போய் நின்றாள். அவர் எழும்பி உட்கார்ந்திருந்தார். முகம் அவள் பக்கம் இல்லை, மணம் வந்த பக்கம் இருந்தது.

"ஓம்," என்றாள்.

"நீயா போனனீ?"

"வேற ஆர் போறது?"

மூடாத வாயால் மூச்சு சீறிக்கொண்டு போனது.

"தகரம் தட்டினியா?"

தட்டினாள். ஊர் எல்லையில் தொடங்கித் திரும்பி வரும்வரை விடாமல் தட்டினாள், கூடப்போன பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் அளவுக்குத் தட்டினாள். மணிக்கட்டு இன்னும் வலித்தது. "தட்டினனான்," என்று மட்டும் சொன்னாள்.

கொடுத்தாயிற்றா என்று கேட்டார். இல்லை, விற்கப்போகிறேன் என்றாள். சொல்லத் தொடங்கியதும் அடங்கவில்லை, ஒரு வருடமாக அடைத்து வைத்தது எல்லாம் வந்தது. எதுக்கு நன்றி சொல்லச் சொல்லுறீங்கள், ஆருக்குச் சொல்லச் சொல்லுறீங்கள், உங்களை நீங்கள் ஒருக்காத் தடவிப் பாருங்கோ என்றாள். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகு வாயில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

முஹைதீன் உண்மையிலேயே கையைத் தூக்கி முகத்தைத் தடவிப் பார்த்தார்.

"எதுக்கெண்டு எனக்கும் தெரியேல்ல, மரியம். குடுக்காட்டி சனங்கள் விக்காதுகள். பழம் அழுகிப்போகும்."

பிறகு துவாய்த் துண்டை எடுத்துக் கண்ணிலிருந்து தாடைவரை சுற்றிக் கட்டினார். சுவரைப் பிடித்து எழும்பினார். போகவேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எழும்பி நின்றாரே, அதைக் கெடுக்க அவளுக்குப் பயம்.

பேசின் அவள் இடுப்பில் இருந்தது, அவர் கை அவள் தோளில் இருந்தது. முதல் வீடு அஸீபாவுடையது. அஸீபா சிரட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள், முஹைதீனைப் பார்க்காமல் பேசினையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய சின்ன மகள் றிம்ஷாவுக்கு நாலு வயது. பழம் என்றதும் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். முஹைதீன் குனிந்து, குரல் வந்த பக்கம் சிரட்டையை நீட்டினார். முன்னெல்லாம் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த பிள்ளை. குனிந்ததில் துவாய் நழுவியது. பிள்ளை போட்ட சத்தம் பள்ளிவாசல்வரை கேட்டிருக்கும்.

"நித்திரையால எழும்பினவள் நானா, அதுதான்," என்றாள் அஸீபா.

"ஓம், ஓம்," என்றார் முஹைதீன். பிள்ளையின் அழுகை வீட்டுக்குள்ளே போய் மறையும்வரை சிரட்டையை நீட்டியபடியே நின்றார். அஸீபா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மற்ற வீடுகளில் பிள்ளைகளை முன்கூட்டியே உள்ளே எடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் வெளியே வந்து தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினார்கள். கண் போனவருக்குக் காதும் போய்விட்டது என்று நினைத்தார்களோ என்னவோ. வேகமாக வாங்கினார்கள், வேகமாக உப்புப் போட்டார்கள். சாஹுல் ஹமீட் ஹாஜியார் மட்டும் பக்கத்தில் வந்து, இப்படி நடமாட வைத்ததற்கே ஷுக்ர் என்றார். முஹைதீன் தலையாட்டினார். மரியம் ஹாஜியாருடைய இரண்டு கண்களையும் பார்த்தாள், பார்த்துக்கொண்டே பழத்தை அள்ளிப் போட்டாள்.

தெரு திரும்புகிற மதகுக்கு வந்ததும் இன்னும் எத்தனை வீடு என்று கேட்டார். பாதி இருக்கிறது என்றாள். நீ போய்க் கொடுத்துவிட்டு வா, நான் இதில் இருக்கிறேன் என்று மதகில் உட்கார்ந்துவிட்டார். அவள் தனியே போய்க் கொடுத்து முடித்துத் திரும்பியபோது துவாயைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு இருந்தார். அழுதாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணீர் வருகிற வழியையும் சேர்த்துத்தான் தைத்திருந்தார்கள்.

"இனி என்னைக் கூட்டிக்கொண்டு வராத," என்றார்.

வரச் சொல்லி நான் கேட்கவில்லையே என்று அவள் சொல்லவில்லை. அவர் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

வந்ததும் அவர் பாயில் விழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பழையபடி. கஞ்சி கொண்டுபோனாள், கை வந்து தள்ளியது. மரியம் கோப்பையை வைத்துவிட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தாள். உப்பையும் கருவாட்டையும் பிரித்து வைத்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேலிகளுக்கு அப்பால் சாக்கு உதறுகிற சத்தமும் பெண்களின் சிரிப்பும் கேட்டன. விடிந்தால் எல்லோரும் காட்டுக்குப் போவார்கள், தெருவோரம் பழம் வரும். ஊருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவளுக்கு என்ன கிடைத்தது? ஒரு வருடத்தில் ஒரு தடவை எழும்பி நின்ற மனிதனை ஒரு பிள்ளையின் அலறலுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

பேசினைக் கழுவ எடுத்தபோது அடியில் பால் பிடித்து ஒரு பழம் ஒட்டிக்கொண்டிருந்தது. கொடுக்கிற வீட்டுக்குப் பங்கு கிடையாது. அவள் அதை நகத்தால் கிளப்பி எடுத்தாள். எறியத்தான் நினைத்தாள். எறியாமல் உள்ளே போனாள்.

பாயில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் அதை அவர் மூக்குக்குக் கிட்டப் பிடித்தாள். நெடுநேரம் பிடித்திருந்தாள். கை தள்ளும் என்று காத்திருந்தாள். கை வரவில்லை. வாய் கொஞ்சம் திறந்தது. பழத்தை வைத்தாள். மென்றபோது அது மூடாத பக்கத்தால் வெளியே வந்து விழுந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள், இம்முறை தன் விரலால் உதட்டின் கிழிந்த பக்கத்தை அமர்த்திப் பிடித்துக்கொண்டாள். அவர் மென்றார். தொண்டை அசைந்தது. கொட்டையை நாக்கால் தள்ளித் தந்தார்.

வேலிக்கு அப்பாலிருந்து அஸீபா, "நானா எப்பிடி ராத்தா?" என்று கேட்டாள். அந்தச் சொல் வாய்வரை வந்தது. மரியம் அதை நிறுத்தினாள்.

"ஒரு பழம் சாப்பிட்டார்," என்றாள்.

பாலைப்பழத்தின் பால் பொல்லாதது. அவளுடைய விரல் அவர் உதட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இழுத்தால் வலிக்கும், எண்ணெய் தடவினால்தான் விடும். எண்ணெய்ப் போத்தல் குசினியில் இருந்தது. வெளியே யாரோ நாளைக்காக ஒரு தகரத்தைத் தட்டிப் பார்த்தார்கள். அறை இருண்டுகொண்டு வந்தது. மூடாத வாயிலிருந்து அவருடைய மூச்சு சூடாக அவள் விரலில் பட்டுக்கொண்டிருக்க, மரியம் அப்படியே இருந்தாள்.