ரோசலியின் தபால் ஓட்டு

தீர்ப்பு வந்த காலையில் லெனர்ட் ஹூடாக் தட்டிலிருந்த முட்டையைக்கூட முடிக்கவில்லை. தபால் ஓட்டுச் சட்டம் செல்லாது, வாக்காளர் தன் சாவடிக்கு நேரில் வர வேண்டும் என்றே பென்சில்வேனியாவின் அரசியல் சாசனம் சொல்கிறது என்று நீதிபதிகள் எழுதிவிட்டார்கள். வழக்குப் போட்டவர்களில் அவரும் ஒருவர். கோட்டை மாட்டிக்கொண்டு, இதை முதலில் கேட்க வேண்டிய ஆளின் வீட்டுக்கு நடந்தார்.

அந்த ஆள் ரோசலி பெட்ராஸ். முப்பது வருடம், ஒவ்வொரு தேர்தலுக்கும், ஊர்த் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள். அவர் சாவடித் தலைவர், அவள் வாக்காளர் பதிவேட்டுக்காரி. அடடா, என்ன நாட்கள் அவை! சட்டைத் தொழிற்சாலையில் வேலை முடித்த பெண்கள் கும்பலாக வருவார்கள். வாசலில் கேட்கும் குரலை வைத்தே ரோசலி பக்கத்தைப் புரட்டி வைத்திருப்பாள். விசையை இழுத்தால் ஓட்டு இயந்திரத்தின் திரை தடாலென்று மூடும். சமையலறையில் முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வெண்ணெயில் வதங்கும் வாசனை கூடம் முழுக்க வரும். மனைவி இறந்த பிறகு லெனர்ட் நன்றாகச் சிரித்ததெல்லாம் அந்த மேசையில்தான்.

பிறகு, காரணம் எதுவும் சொல்லாமலே யாரும் தபாலில் ஓட்டுப் போடலாம் என்று சட்டம் வந்தது. ரோசலி கூடத்துக்கு வருவதை நிறுத்தினாள். கேட்டால், "சோம்பல்" என்று ஒற்றை வார்த்தை. லெனர்டுக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட வழக்கறிஞர் ஒருவர் ஆள் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டதும் முதலில் போய்க் கையெழுத்துப் போட்டார். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் சாசனம் சாசனம் என்று முழங்கினார்.

கதவு மெல்லத் திறந்தது.

"ஜெயிச்சுட்டோம் ரோசலி! இனி மகாராணியும் எங்கள மாதிரி நடந்து வந்துதான் ஓட்டுப் போடணும்."

அவள் சிரிக்கவில்லை. அவரைச் சமையலறையில் உட்காரவைத்து, மேலங்கிப் பைக்குள் இருந்த வலக்கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது தன்பாட்டுக்கு ஆடியது. தட்டில் கிடந்த கரண்டி கிணுகிணுத்தது.

"பார்க்கின்சன். ரெண்டு வருஷமா. காலும் சொன்ன பேச்சு கேக்கறதில்ல."

லெனர்ட் கரண்டியைத் தட்டிலிருந்து எடுத்து அப்பால் வைத்தார். "உடம்பு முடியாதவங்க தபால்ல போடத்தான் பழைய வழி இருக்கே. நோய்னு காரணத்த எழுதிக் குடுத்துட்டா..."

"எழுதிக் குடுத்துட்டா கூடத்துச் சுவத்துல பேர ஒட்டுவாங்க. மறந்துட்டியா? அந்தப் பட்டியல வாசிச்சுட்டு, 'பாவம் கிழவன், அடுத்த தேர்தலுக்கு இருப்பானா'ன்னு நாம ரெண்டு பேரும் எப்படிச் சிரிச்சோம்? இப்போ என் பேர வெச்சு எவன் சிரிக்கணும்?"

"இப்பல்லாம் ஒட்டறாங்களான்னே தெரியல..."

"நான் இனி ஓட்டே போடல. விடு."

ஓட்டுரிமை வந்த வயதிலிருந்து ஒரு தேர்தலையும் தவறவிடாதவள். காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்வதுபோல அதைச் சொன்னாள். லெனர்ட் எழுந்தார். அவள் வீட்டுத் தொலைபேசியிலேயே வழக்கறிஞரைக் கூப்பிட்டார்.

"என் பேர எடுத்துடுங்க."

"ஜெயிச்ச கேஸ்ல இருந்தா? அரசாங்கத் தரப்புல மேல்முறையீட்டுக்குப் போறாங்க சார், இப்பப் போய்..."

"அவங்களே ஜெயிக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

"பைத்தியமா உனக்கு? நீ ஒருத்தன் விலகிட்டா கேஸ் நின்னுடுமா?" என்றாள் ரோசலி.

"நிக்காது."

"சாசனம், சாசனம்னு ஊரெல்லாம் கத்தினியே?"

"சாசனமாவது மண்ணாவது! நீ இல்லாம அந்த மேசைல என்னால உக்கார முடியல. அத எந்தக் கோர்ட்டுல போய்ச் சொல்றது?"

ரோசலி எழுந்து இடக்கையால் காப்பி ஊற்றினாள். பிறகு ஆடுகிற கையாலேயே கோப்பையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பாதிக் காப்பி மேசையில் சிந்தியது. இருவரும் அதைத் துடைக்கவில்லை.