ஒரு தலைக்கு ஒரு தலை

ஆளுங்கட்சிக் கொறடாவுக்கு இருபது வருடங்களாக ஒரே வேலைதான். ஓட்டெடுப்பு மணி அடித்ததும் தன் கட்சி உறுப்பினர்களை எங்கிருந்தாலும் பிடித்து அவைக்குள் தள்ளிவிட வேண்டும். யார் சிற்றுண்டிச் சாலையில் கதையளக்கிறார், யார் சொல்லாமல் கொள்ளாமல் மாமனார் வீட்டுக்குக் கம்பி நீட்டிவிட்டார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எதிர்க்கட்சியிலும் அதே பிழைப்புக்கு ஒருவர் இருந்தார். வெயிலோ மழையோ, கையில் குடையோடு திரிவதால் அவருக்குக் குடைக்காரர் என்று பெயர். அவைக்குள் இருவரும் எலியும் பூனையும். வெளியே வந்தால் ஒரே பிளாஸ்கில் தேநீர்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பக்கத்து உறுப்பினர் நோய் நொடியென்று வர முடியாமல் போனால், மறுபக்கமும் ஒருவரை வெளியே உட்கார வைத்துவிடும். ஒரு தலைக்கு ஒரு தலை. அது சட்டத்திலும் இல்லை, காகிதத்திலும் இல்லை, வெறும் வாய்ப்பேச்சு. "எழுதி வாங்கணும்னு ஆயிட்டா அப்புறம் நீ எதுக்கு, நான் எதுக்கு? ரெண்டு குமாஸ்தாவைப் போட்டுக்கலாமே" என்பார் குடைக்காரர். கொறடாவின் அம்மா இறந்த அன்று முக்கியமான ஓட்டெடுப்பு. குடைக்காரர் வேறு யாரையும் தேடவில்லை. தானே வெளியே போய் உட்கார்ந்தார்.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்த நாள், ஊரடங்கின் பதினோராவது நாள். கடைகள் சாத்திக் கிடந்தன. அவையைச் சுற்றி முள்கம்பி. ஆளுங்கட்சியிலிருந்து ஒரு கூட்டமே அந்தப் பக்கம் தாவியிருந்தது. அரசைக் கவிழ்க்கத் தொண்ணூற்றைந்து பேர், காப்பாற்றத் தொண்ணூற்று நான்கு பேர். சமமாக வந்தால் தீர்மானம் தோற்றதாக விதி. ஆனால் சமமாக வர வழியே இல்லை.

காலை ஒன்பது மணிக்குத் தாழ்வாரத்தில் குடைக்காரர் வந்து நின்றார். கூடவே அவர் கட்சி உறுப்பினரான வாத்தியார், பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்று அரசியலுக்கு வந்த பெரியவர்.

"இவர் சம்சாரத்துக்கு இன்னிக்கு இருதய ஆபரேஷன்யா. ஓட்டுப் போட்டுட்டுத்தான் போவேங்கறார். ஆஸ்பத்திரி ரெண்டு மணி நேரப் பயணம். போகச் சொல்லட்டுமா?"

"இதுல கேட்க என்ன இருக்கு? எங்க உறுப்பினர் ரொட்டிக்கடைக்காரரை வெளிய உட்கார வைக்கிறேன்."

"இன்னிக்குக்கூடவா?"

"என்னய்யா நீ, புதுசாக் கேட்கறே!"

வாத்தியார் கொறடாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்களை நம்பித்தான் தம்பி போறேன்" என்றார்.

அந்த நிமிடம் கொறடா மனதாரச் சொன்னதுதான் அது. அரசு ஒரு ஓட்டில் கவிழும், கவிழட்டும் என்றுகூட உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது.

ஒரு மணிக்குக் கட்சித் தலைவர் கூப்பிட்டனுப்பினார்.

"வாத்தியார் ஊர்ல இல்லையாமே. ரொட்டிக்கடைக்காரர் உள்ள வந்தா சமம். தப்பிச்சோம்."

"வாக்கு குடுத்துட்டேங்க."

"எழுதிக் குடுத்தியா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன? நாட்டைப் பாருய்யா!"

தலைவர்கள் நாடு என்று சொல்லும்போது அது பெரும்பாலும் அவர்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் அகலம்தான் இருக்கும். இது கொறடாவுக்குத் தெரியாததல்ல. மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மென்று விழுங்கினார். பயம்தான், வேறு நல்ல காரணம் எதுவும் அவரிடம் இல்லை.

வெளியே வந்து தொலைபேசியை எடுத்தார். ஓட்டெடுப்பு நாலு மணிக்கு. குடைக்காரரிடம் இப்போது விஷயத்தைப் போட்டு உடைத்தால், வாத்தியார் திரும்பி வந்துவிட நேரம் இருந்தது. குடைக்காரரின் எண்ணைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தலைவர் சொன்னதைக்கூட ஒருநாள் தலைவர் மேலேயே போட்டுவிடலாம். இதை யார் மேல் போடுவது?

மணி அடித்தது. சிற்றுண்டிச் சாலையில் ரொட்டிக்கடைக்காரர் சாவகாசமாகப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"உள்ள போங்க."

"என்னை வெளிய இருக்கச் சொன்னீங்களேண்ணே?"

"போங்கன்னா போங்க."

ரொட்டிக்கடைக்காரர் உள்ளே நுழைவதை எதிர்வரிசையிலிருந்து குடைக்காரர் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டார்கள். எழுந்து கத்துவார், கத்தினால் தேவலை என்று கொறடா காத்திருந்தார். குடைக்காரர் அவரைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார்.

தொண்ணூற்று நாலுக்குத் தொண்ணூற்று நாலு. மேசைகள் அதிர்ந்தன. யார் யாரோ கொறடாவின் முதுகில் தட்டினார்கள்.

தாழ்வாரத்தில் பத்திரிகைக்காரர்கள் குடைக்காரரை மொய்த்துக்கொண்டார்கள். "உங்க ஆள் ஒருத்தர் ஏன் வரலை? விலை போயிட்டாரா?"

"வீட்ல உடம்பு சரியில்லை. வேற ஒண்ணுமில்லை."

காட்டிக்கொடுக்கவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று கேட்ட கொறடாவுக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்து அவருக்கே கூசியது.

மறுநாள் ஊரடங்கை நீட்டிக்க ஓட்டெடுப்பு. விடிந்தும் விடியாததுமாக ரொட்டிக்கடைக்காரரின் தாயார் தவறிவிட்டார். போகட்டும் என்றால் ஒரு ஓட்டு குறையும், போகாதே என்று சொல்ல நாக்கு எழவில்லை. வேறு போக்கிடம் இல்லாமல் கொறடா குடைக்காரரின் அறைக் கதவைத் தட்டினார்.

"வாங்க, உட்காருங்க" என்றார் குடைக்காரர். இருபது வருடத்தில் இப்படி உபசரித்ததில்லை.

விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் யோசிக்கக்கூட இல்லை. "பெத்தவ போயிருக்கா. போகட்டும். எங்க பக்கம் ஒருத்தர் வெளிய இருப்பார்."

எழப்போன கொறடா மறுபடி உட்கார்ந்தார். "வாத்தியார் சம்சாரம் எப்படி இருக்காங்க?"

"பொழைச்சுட்டாங்க. கண்ணு முழிச்சதும், ஜெயிச்சாச்சான்னு கேட்டாங்களாம்."

"நேத்து நான்..."

"அதை விடுங்க." குடைக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்து, தட்டச்சு செய்த ஒரு காகிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். இன்னாருக்குப் பதில் இன்னார் என்று எழுதக் கோடு போட்டு இடம் விட்டிருந்தது. "நிரப்பிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

கொறடா போட்டார்.

குடைக்காரர் காகிதத்தைத் திருப்பிச் சரிபார்த்தார். பிறகு மேசை மணியை அடித்து, சாட்சிக் கையெழுத்துப் போட இரண்டு குமாஸ்தாக்களைக் கூப்பிட்டார்.